வலது கைக்கு மட்டும் துத்தநாகம்

நகரி காவல் நிலையத்தில்
சொத்து அறைச் சாவி
ஏட்டு முனிரத்தினத்தின் இடுப்பில் தொங்கியது.
திருட்டு மோட்டார் பம்புகள்,
எண் எழுதிய செம்மரக் கட்டைகள்,
சக்கரம் இறங்கிய பைக்குகள் தாண்டி
உரச்சாக்கு சுற்றி நின்றிருந்தாள்
குற்ற எண் 114இன் அம்மன்.

பேரு என்ன என்றேன்.
"ரெண்டு இருக்கு மேடம்.
அரசமங்கலத்தாளுங்க வந்தா செல்லியம்மன்.
மேல்பூடிக்காரங்க வந்தா கங்கம்மா.
ரிஜிஸ்தர்ல
உலோகப் பொருள், ஒன்று."

பீடத்தின் அடியில்
கற்பூர வெளிச்சம் எட்டாத இடமாய்ப் பார்த்து
டிரில்லை வைத்தேன்.
என் இடது மணிக்கட்டுக்குள் ஒரு டைட்டானியத் தகடு,
அதிர்வு பல்வரை ஏறும்.
மேலே வந்த பச்சையை ஊதிவிட்டு
உள்ளிருந்து சுருண்ட மினுக்கத்தை மட்டும்
தாளில் ஏந்தினேன். முப்பது மில்லிகிராம்.
விபூதி வாங்குகிறவர்போல
கை நீட்டிவிட்டார் முனிரத்தினம்,
பிறகு சட்டையில் துடைத்துக்கொண்டார்.

கிளம்பும்போதுதான் கண்ணில் பட்டது.
அஞ்சேல் என்று காட்டும் அந்த வலது கை
முழங்கைக்குக் கீழே
கொஞ்சம் மஞ்சள்.
இன்னொரு துளை. இன்னொரு குப்பி.
ஏகாம்பரகுப்பத்து விசைத்தறிகள்
ஒரு நிமிஷம் நின்று மறுபடி தொடங்கின. கரண்ட் போய் வந்திருக்கும்.

நான்கு மாதம் கருவிக்கு வரிசை.
பிறகு எண்கள்.
செம்பு எண்பத்து நான்கு,
வெள்ளீயம் ஏழு, ஈயம் எட்டு,
மிச்ச ஒன்றில் ஆர்சனிக், நிக்கல்,
யார் மூக்குத்தியோ விழுந்த மாதிரி துளி வெள்ளி.

நீதிமன்றம் கேட்டது இது இல்லை.
எந்த ஊர்?

ஈயம் சொல்லும், ஓரளவு.
ஈயம் 207ஐ 206ஆல் வகுத்தால்
ஒரு தசமம் வரும்.
உலையில் போடு, வார், உடை,
மறுபடி உருக்கு,
தசமம் அசையாது.
தாது கிடந்த மலையின் கைநாட்டு அது.
ஆனால் இரண்டு மலை ஈயத்தைக்
கலந்துவிட்டான் என்றால்
வரைபடத்தில் புள்ளி
இரண்டுக்கும் நடுவே போய் விழும்.
அங்கே மலை இல்லை.
யாரும் எதையும் தோண்டியதில்லை.
அம்மன் சரியாக
அங்கே விழுந்தாள்.

அதனால் கோயில்களுக்கே போனேன்.
அரசமங்கலத்தில் விரிசல் விட்ட கைமணி,
குசஸ்தலை தாண்டி மேல்பூடியில்
நெளிந்த பித்தளைத் தாம்பாளம்.
இரண்டு பக்கமும் மோர் கொடுத்தார்கள்,
இரண்டு பக்கமும்
"எழுதும்போது பாத்து எழுதுங்க" என்றார்கள்.

உடம்பும் கைமணியும் ஒரே உருக்கு.
கையில் துத்தநாகம் பத்தொன்பது,
தாம்பாளத்திலும் பத்தொன்பது.
எப்போதோ கை ஒடிந்திருக்கிறது.
ஆற்றுக்கு அந்தப் பக்கம்
யாரோ சோற்றுத் தட்டுகளை உருக்கி ஊற்றியிருக்கிறார்கள்.
என்ன பேர் சொல்லி ஊற்றினார்கள் என்பதற்கு
என்னிடம் கருவி இல்லை.

"அப்போ கையை அறுத்துக் குடுத்துடலாமா மேடம்?"
முனிரத்தினம் சிரிக்காமல்தான் கேட்டார்.
எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினேன்.
முழங்கையில் இரண்டு மில்லிமீட்டர் அகலத்துக்கு
வெள்ளீயம் துத்தநாகத்துக்குள்ளும்
துத்தநாகம் வெள்ளீயத்துக்குள்ளும்
போயிருக்கிறது.
எங்கே கத்தி வைப்பது?

அறிக்கையில் அந்த இரண்டு மில்லிமீட்டரை எழுதினேன்.
'மூலம்' என்ற கட்டத்தில்
ஒரு பெயருக்குத்தான் இடமிருந்தது,
விட்டுவிட்டேன்.
புத்தூர் கோர்ட்டில் வாய்தா, பிறகு வாய்தா.

மீந்த தூளைத் திருப்பித் தரவேண்டும், விதி.
இரண்டு குப்பி, அரக்கு முத்திரை.
முனிரத்தினம் ரிஜிஸ்தரைப் புரட்டி
பழைய வரியை ஒரு கோட்டால் அடித்தார்.
தெலுங்கில் எழுதி,
எனக்காகக் கீழே தமிழிலும் எழுதினார்:

உலோகப் பொருள், மூன்று.